முன்பனியின் மேல் ஒரு பழி

சென்ற மார்கழியின் நடுவில் ஒரு நாள் விடியற்காலை நான்கரை மணிக்கு அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். அந்நேரத்து அழைப்புகள் எங்கள் குடும்பத்துக்கு நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை. "தம்பி, ஒண்ணும் ஆகலை. ஆனா ஆகியிருக்கும்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

நடந்தது இதுதான். முந்திய மாலை சிவகாசியில் தீப்பெட்டி பண்டல்களை ஏற்றி, தார்ப்பாய் போர்த்திக் கட்டி, விருதுநகரில் அண்ணன் வீட்டை ஒட்டிய காலிமனையில் வண்டியை நிறுத்தியிருந்தார். வண்டி டாடா 407. 2004ஆம் ஆண்டு பதிவு. விடியுமுன் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் புறப்பட வேண்டும். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஐந்தாறு முறைக்குப் பின் செல்ஃபும் முனகத் தொடங்கிவிட்டது. அண்ணன் தேநீர் வாங்கிவரத் தெருமுனைக்குப் போயிருந்த நேரத்தில், புதிதாகச் சேர்ந்திருந்த ஓட்டுநர்ப் பையன் ஒரு கம்பியில் கந்தைத் துணியைச் சுற்றி, டீசலில் நனைத்துப் பற்றவைத்து, காற்று உள்ளே போகும் ஏர் கிளீனர் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தான். திரும்பி வந்த அண்ணன் பார்த்தபோது அந்தத் தீக்கும் தார்ப்பாயின் தொங்கலுக்கும் நடுவே ஆறடி இருந்திருக்கலாம். ஓடிப்போய்ப் பறித்து மண்ணில் புதைத்திருக்கிறார். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

பையனை நான் குறைசொல்ல மாட்டேன். அது லாரித் தொழிலில் பல காலமாக இருக்கும் கைப்பழக்கம். மணல் ஏற்றும் வண்டியில் அதைச் செய்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சூடான காற்றை இழுத்தால் டீசல் இன்ஜின் எளிதாகப் பிடிக்கும் என்பது உண்மையும்கூட. அவன் கற்றது சரி, பின்னால் இருந்த சரக்குதான் வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது எழுந்த புகையைத் திருத்தங்கல் சாலையில் வண்டியை ஓரங்கட்டி நின்று பார்த்தவர் என் அண்ணன். அவருக்கு ஏன் பேச்சு வரவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

வண்டி மூன்று வாரமாகவே காலையில் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. ஒரு பட்டறையில் காட்டியதற்கு, "காலைக் குளிர்ல எடுக்கலைன்னா கம்ப்ரஷன் போச்சுன்னு அர்த்தம், இன்ஜினை இறக்கிடணும்" என்று சொல்லி ஒன்றரை லட்சத்துக்குக் கணக்குக் கொடுத்திருந்தார்கள். அண்ணியின் சங்கிலி ஏற்கெனவே அடகில். வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, யாரிடமாவது சம்பளத்துக்கு ஓட்டப் போய்விடலாமா என்ற யோசனையில் இருந்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது ஆண்டுகள் தன் வண்டியை ஓட்டியவர் இன்னொருவர் வண்டியில் ஏறுவது என்றால் என்ன என்பதை, லாரிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதில் தமிழ் வாத்தியாருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். அப்பா லாரி ஓட்டியவர். அவரோடு ஒரே ஒரு முறை நெடும்பயணம் போயிருக்கிறேன். அந்தப் பயணத்தில்தான் இந்த நோயை முதலில் பார்த்தேன்.

1993 டிசம்பர், அரையாண்டு விடுமுறை. அப்பாவின் டாடா 1210இல் தீப்பெட்டி ஏற்றிக்கொண்டு ஜபல்பூருக்குப் போனோம். அன்றைக்கு ஏழாம் எண் நெடுஞ்சாலை என்று பெயர். கன்னியாகுமரியில் தொடங்கி எங்கள் ஊர் வழியாக மதுரை, சேலம், பெங்களூர், ஐதராபாத், நாக்பூர், ஜபல்பூர் என்று வாரணாசிவரை போகும். (2010இல் எண்களை மாற்றியபோது தென்பகுதி நாற்பத்துநான்காம் எண்ணுக்குள் போய்விட்டது. எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டுநர்கள் வாயில் இன்னும் 'செவன்'தான்.) எங்கள் வீட்டு வாசலில் ஓடும் அதே சாலை, நாக்பூரைத் தாண்டிச் சிவனி என்ற ஊரருகே காட்டுக்குள் போகும்போது, உடம்பு அதுவரை அறியாத குளிருக்குள் போயிற்று. பதினான்கு வயதில் முதன்முறையாக என் மூச்சை என் கண்ணால் பார்த்தேன்.

அங்கே ஒரு தாபாவில் இரவு தங்கிய லாரிகள் விடியலில் வரிசையாக நெருப்பு மூட்டியதைக் கண்டேன். குளிர்காய அல்ல. தகரத் தட்டில் கங்குகளை அள்ளி இன்ஜினின் எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே தள்ளினார்கள். உறைந்து கெட்டிப்பட்ட எண்ணெய் இளகினால் செல்ஃப் எளிதாகச் சுற்றும். பக்கத்து வண்டிப் பஞ்சாபி ஓட்டுநர் ஒருவர் அன்போடு எங்களுக்கும் ஒரு தட்டுக் கங்கு கொண்டுவந்தார். அப்பா இரண்டு கைகளையும் விரித்து வழிமறித்து, "மாச்சிஸ், மாச்சிஸ்" என்றார். அப்பாவுக்குத் தெரிந்த இந்தி முப்பது சொல் இருக்கும். அதில் முதன்மையானது அது. அந்த மனிதர் தட்டோடு பின்வாங்கிய வேகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பிறகு அவரே ஆள் சேர்த்துக்கொண்டு வந்து வண்டியைத் தள்ளினார். அப்பா முந்திய இரவே சரிவு பார்த்து, முன்பக்கம் தாழ்ந்திருக்க நிறுத்தியிருந்தார். இரண்டாம் கியரில் போட்டு கிளட்சை விட்டதும் வண்டி உதறிக்கொண்டு பிடித்தது.

அடுத்தடுத்த இரவுகளில் அப்பா மூன்று மணிக்கொரு முறை எழுந்து இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் படுத்தார். தூங்கியிருக்கமாட்டார். தீப்பெட்டி லாரிக்காரனுக்குத் தீ உதவாது என்பதை அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை. பார்த்ததோடு சரி. பள்ளி திறந்து நான்கு நாள் கழித்தே ஊர் திரும்பினோம். அதற்கு வாங்கிய அடி தனிக்கதை.

டீசல் இன்ஜினில் தீக்குச்சிக்கு நிகரான பொருள் ஒன்றுமே கிடையாது. பெட்ரோல் இன்ஜினில் பொறிவைக்க ஒரு பிளக் உண்டு. டீசலில் காற்றை மட்டும் உருளைக்குள் இழுத்து, பதினேழில் ஒரு பங்காக நெரிக்கிறார்கள். நெரிபட்ட காற்று 500 டிகிரிக்கும் மேலே சூடேறுகிறது. அந்தக் கணத்தில் டீசலைத் தூவலாகப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்கிறது. அதற்கு 250 டிகிரிக்குள்ளேயே போதும். ருடால்ஃப் டீசல் 1892இல் காப்புரிமை கோரி 1897இல் ஓட்டிக்காட்டிய இன்ஜினின் அடிப்படை இவ்வளவுதான். தென்கிழக்காசிய மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே மூங்கில் குழலுக்குள் ஒரு தண்டை அறைந்து இறக்கி, காற்றின் நெருக்கத்தாலேயே பஞ்சில் தீ பிறப்பித்தார்கள். நம் இலக்கியத்தில் இருப்பது உரசித் தீ எடுக்கும் கோல், ஞெலிகோல். கூரையின் இறப்பில் செருகி வைத்த ஞெலிகோலைப் போல, வேண்டாதபோது அடங்கியிருந்து வேண்டும்போது வெளிப்படுபவன் என்று அதியமானை ஒளவை புறநானூற்றில் சொல்கிறாள். அந்த உவமையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். ஓலைக் கூரையில் தீக்கோல் செருகியிருப்பதன் அச்சத்தை, அண்ணனின் உள்ளங்கையைப் பார்த்த அன்றுதான் உணர்ந்தேன்.

ஆக, காலையில் டீசல் வண்டி எடுக்கவில்லை என்றால், உருளைக்குள் வேண்டிய சூடு பிறக்கவில்லை. அல்லது அந்தச் சூட்டுக்குள் டீசல் வந்து சேரவில்லை. குளிர் முதலாவதைக் கெடுக்கும். குளிர்ந்த இரும்பு, காற்றின் வெப்பத்தைக் குடித்துவிடும். பாட்டரி சோரும், எண்ணெய் கெட்டியாகும், செல்ஃப் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் நெரிபடும் காற்று வளையங்களின் இடுக்கில் கசிந்து போக நேரம் கிடைக்கும். அம்பாசிடர் டீசல் கார் வைத்திருந்தவர்களுக்கு, சாவியைத் திருப்புமுன் ஹீட்டர் போட்டுக் காத்திருந்தது நினைவிருக்கும். எங்கள் வண்டியில் அந்த வசதி இல்லை. மிகுந்த குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து குழாயையே அடைத்துவிடும். இந்தியத் தரக்கட்டளைப்படி டீசல் ஓட்டம் இழக்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் 3 டிகிரி, கோடையில் 15 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது.

ஆனால் விருதுநகரில் மார்கழிக் குளிர் எவ்வளவு? கம்பளி மங்கிக்குல்லாய் போட்டுக்கொண்டு நாங்கள் நடுங்குவதெல்லாம் 20 டிகிரிக்கு. ஐரோப்பியனுக்கு அது கோடைக்காலப் பகல். அந்தக் குளிரில் எந்த டீசலும் உறையாது. நல்ல இன்ஜின் எதுவும் முரண்டுபிடிக்காது. எனக்கு இது உறைத்தது, அடுத்த அடி தெரியவில்லை. அண்ணனை அழைத்துக்கொண்டு, அப்பா காலத்திலிருந்து பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். எழுபதைத் தாண்டியவர். பட்டறையை மூடிவிட்டார். அவரை நாங்கள் அண்ணாச்சி என்போம்.

அண்ணாச்சி வண்டியைப் பார்க்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி கேள்விகள்தான் கேட்டார்.

"செல்ஃப் சுத்தும்போது பின்னாடி புகை வருதா?"

அண்ணன் யோசித்தார். முதலில் புகையே வருவதில்லை, நெடுநேரம் சுற்றிய பிறகு வெள்ளைப்புகை, அப்புறம் பிடித்துக்கொள்கிறது.

"வெள்ளைப்புகை வந்து பிடிக்கலைன்னா டீசல் போகுது, வேகலைன்னு அர்த்தம். புகையே இல்லைன்னா டீசலே போகலை. கம்ப்ரஷன் போன வண்டி முத சுத்துலேயே வெள்ளையாத் தள்ளும்." கொஞ்சம் நிறுத்தி, "ஞாயித்துக்கிழமை ஓடாம நின்னுச்சுன்னா, சாயங்காலம் எடுக்கும்போது எப்படி?" என்றார்.

இந்தக் கேள்வி எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நாங்கள் எல்லோரும் நோயின் பொழுதைக் குறித்து வைத்திருந்தோம். பெரும்பொழுது முன்பனி, சிறுபொழுது வைகறை என்று திணை இலக்கணம்போல. பொழுதையே காரணமாகவும் எடுத்துக்கொண்டோம். இரவு முழுதும் வண்டி குளிர்கிறது என்பது மெய். இரவு முழுதும் வண்டி நிற்கிறது என்பதும் மெய். இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடப்பதால் ஒன்றின் பழியை மற்றதன் மேல் போட்டிருந்தோம். அவற்றைப் பிரித்துக்காட்ட, வெயிலில் நின்ற ஒரு வண்டி வேண்டும்.

அண்ணனுக்கு நினைவு வந்தது. கார்த்திகையில் ஒரு ஞாயிறு, சனி இரவிலிருந்து நின்ற வண்டி, மாலை நான்கு மணி வெயிலில் இதே பாடுபடுத்தியிருக்கிறது. அன்று பாட்டரியைக் குறைசொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் நிறுத்தினால் தொல்லை இல்லை. துறைமுக வரிசையில் ஐந்தாறு மணிநேரம் நின்றால் கொஞ்சம் இழுக்கும்.

"அப்ப பனி இல்லை. டீசல் திரும்பி ஓடுது" என்றார் அண்ணாச்சி. அவர் சொன்ன சோதனை எளியது. மறுநாள் காலையில் சாவியைத் தொடக்கூடாது. டீசல் பம்ப்பின் பக்கத்தில் இருக்கும் கைப்பம்ப்பை, கை கனக்கும்வரை அடிக்க வேண்டும். அதன்பிறகுதான் சாவி.

மறுநாள் ஐந்து மணிக்கு மூவரும் நின்றோம். சரக்கு இல்லாத நாள். முந்திய நாளின் அதே பனி, தெருவில் திருப்பாவை ஒலிபெருக்கி. நாற்பது அடிக்கு மேல் அடித்த பிறகு கைப்பம்ப் இறுகியது. ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தியதும் முதலில் சோப்பு நுரைபோலக் கொப்பளித்தது. பின்னர் தெளிந்த டீசல் வந்தது. திருகை இறுக்கிவிட்டு அண்ணன் சாவியைத் திருப்பினார். மூன்று நான்கு சுற்றில் பிடித்துக்கொண்டது. அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அண்ணாச்சி அதோடு விடவில்லை. ஓடும் இன்ஜினில் எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்த வாயின் மேலேயே வைத்தார். வளையங்கள் தேய்ந்து கம்ப்ரஷன் கீழே கசிந்தால் அந்த மூடி துள்ளும், வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வரும். மூடி லேசாக அதிர்ந்ததே தவிரத் துள்ளவில்லை. "இதுக்கு ஒன்றரை லட்சமா?" என்று மட்டும் கேட்டார். ஒருவர் பெயரையும் கெடுக்காமல் கேட்கத் தெரிந்தவர்.

இனி, டீசல் எங்கே திரும்பி ஓடுகிறது? ஒழுகலே இல்லையே என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். இரவு நின்ற இடத்தில் ஒரு சொட்டு இல்லை. குழாய்களில் ஈரம்கூட இல்லை. நோயின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. தொட்டியிலிருந்து பம்ப்வரை உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே விரிசல் இருந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே வராது. வெளிக்காற்று உள்ளே போகும். ஓட்டத்தில் பம்ப் வலுவாக இழுப்பதால் அந்தச் சிறு காற்று, மிஞ்சிய டீசலோடு சேர்ந்து தொட்டிக்கே திரும்பிவிடும், ஓட்டுநருக்குத் தெரியாது. நிறுத்திய பிறகு அந்த விரிசல் வழியே காற்று மெல்ல நுழைய, மேலேறியிருந்த டீசல் மெல்லத் தொட்டிக்கு இறங்கும். நாங்கள் வண்டியை நிறுத்திய காலிமனை வேறு சரிவானது. முன்பக்கம் தூக்கி நின்றது. காலையில் பம்ப்புக்குள் இருந்ததெல்லாம் காற்று. டீசலை நெரித்து நாசிலுக்கு அனுப்பும் பம்ப்புக்குக் காற்றை அனுப்பத் தெரியாது. அது பஞ்சைக் குத்துவதுபோல வீணே குத்திக்கொண்டிருக்கும்.

அண்ணாச்சி, ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை வாங்கிவரச் சொல்லிப் பம்ப்புக்கு முன்னால் இணைத்தார். இன்ஜினை ஓடவிட்டதும் அதற்குள் கடுகு கடுகாகக் குமிழிகள் ஓடின. குழாயைத் தொட்டிப் பக்கமாக நகர்த்தி இணைத்தார், குமிழி இல்லை. ஆக, கோளாறு இரண்டுக்கும் நடுவே இருந்த ஒன்றரையடி ரப்பர் ஹோஸில். கழற்றி வளைத்துப் பார்த்தோம். வெளிப்பார்வைக்குக் கறுத்து வழவழப்பாக இருந்தது. கிளாம்ப் கடித்திருந்த இடத்தில் மட்டும், சித்திரையில் வறண்ட கண்மாய்த் தரைபோல நுண்ணிய வெடிப்புகள். புது ஹோஸ், இரண்டு கிளாம்ப், செம்பு வாஷர்கள் எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. அண்ணன் அந்தப் பழைய ஹோஸைத் தூக்கிப்போட விடவில்லை.

ஆயினும் பனி முழுதும் குற்றமற்றது என்று சொல்வதற்கில்லை. ஹோஸை மாற்றிய மறுநாளும் செல்ஃப் சற்றே சோம்பலாகத்தான் சுற்றியது. பாட்டரி ஓராண்டு ஆனது, நல்ல நிலையில்தான் இருந்தது. அண்ணாச்சி மீட்டர் எதையும் எடுக்கவில்லை. அண்ணனைப் பத்து நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, பாட்டரியிலிருந்து போகும் தடித்த ஒயர்களின் ஒவ்வோர் இணைப்பையும் விரல் நுனியால் தொட்டுக்கொண்டே போனார். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையின் முனையில் கையைச் சட்டென்று எடுத்தார். "தொட்டுப் பாருங்க சார்" என்றார் என்னிடம். சுட்டது. துருவேறிய இணைப்பில் மின்சாரம் நெருக்கடிபட்டு அங்கேயே சூடாகிவிடுகிறது. செல்ஃபுக்குப் போக வேண்டிய வலு வழியிலேயே செலவாகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கிக் கட்டியதும் செல்ஃபின் குரலே மாறிவிட்டது. உருளைக்குள் பிறக்க வேண்டிய சூடு ஒரு போல்ட்டின் தலையில் பிறந்துகொண்டிருந்திருக்கிறது.

ஓட்டுநர்ப் பையனை அண்ணன் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. ஆனால் ஒரு வாரம் அவனோடு பேசவும் இல்லை. அண்ணாச்சி அவனைக் கூப்பிட்டுக் கைப்பம்ப்பையும் நுரை பார்க்கும் திருகையும் காட்டிக்கொடுத்தார். தீயைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பட்டாசுக்குள் அடைக்கும் கலவைக்கு 'மருந்து' என்றுதான் பெயர். மருந்து ஏற்றும் வண்டியருகே நெருப்பு கூடாது என்று வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. தீப்பெட்டி பண்டலைப் பட்டாசைப்போல் எண்ணி அஞ்சும் வழக்கம் மட்டும் புதிய பையன்களிடம் இல்லை. குச்சியின் தலையில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கத்தில் ஒரு மருந்து, உரசினால்தானே பற்றும் என்று அவன் என்னிடமே கேட்டான். குச்சி பற்ற உரசல் வேண்டும்தான், ஆனால் சுடர் பட்டால் உரசலும் வேண்டாம் என்றேன். அவனுக்கு இருபத்திரண்டு வயது. அவன் தந்தையும் லாரி ஓட்டியவர்தானாம், செங்கல் லாரி.

தை பிறந்த பிறகு ஒருநாள் விடியலில் அண்ணன் மறுபடி அழைத்தார். பதறிப்போய் எடுத்தேன். தூத்துக்குடி போகிற வழியில், எட்டயபுரத்தில் தேநீர் குடிக்கிறாராம். சும்மாதான் கூப்பிட்டேன் என்றார். நாசில்களைக் கழற்றிச் சோதித்துவிட வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். இப்போது லோடு நன்றாக இருப்பதால் பங்குனியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார். வண்டியை இப்போது காலிமனையில் எதிர்த்திசையில் நிறுத்துகிறார், முன்பக்கம் தாழ்ந்திருக்கும்படி.